எண்ணெய் கேனுக்குள் ஒரு கால்

ஆட்டுக்கிடைக்கு விலாசம் கிடையாது. "செய்துங்கநல்லூர் தாண்டி ரெண்டாவது மடை. அங்கன நின்னு தெக்க பாருங்க, தெரியும்" என்று போனில் சொல்லிவிட்டால், ஐயம்பெருமாளைப் பொறுத்தவரை விலாசம் முழுதாகச் சொல்லியாகிவிட்டது. ஷமீம் இரண்டாவது மடையில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றித் தெற்கே பார்த்தாள். அறுத்துப் போட்ட வயல்தான் தெரிந்தது. அதற்குத் தெற்கேயும் அறுத்த வயல். நோன்பு மாதம் வேறு. விடிகாலையில் குடித்த தண்ணீரெல்லாம் எப்போதோ வியர்வையாகிப் போயிருந்தது. ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, இவளுக்கு மட்டும் ஆடு தேடுகிற கிழமை.

வயது நாற்பத்தேழு. வீடு மேலப்பாளையத்தில். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் சர்க்கரை ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ். கணவர் முகம்மது மைதீன் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். வீட்டில் மாமியாரும், அவரைப் பெத்தும்மா என்று கூப்பிடுகிற, கல்லூரிக்குப் போகும் மகள் ஃபஹ்மிதாவும். பகலெல்லாம் நின்றபடியே வேலை என்பதால் சாயங்காலம் ஆனால் ஷமீமின் கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்து கிடக்கும். வருகிற நோயாளிகளிடமெல்லாம் காலைத் தூக்கி வைத்து உட்காருங்கள் என்று சொல்லுகிற வாய், அந்தக் கணுக்காலிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததுமே "ஷமீம்" என்று ஒரு குரல் வரும். அதற்குப் போனால் "உம்மா" என்று இன்னொன்று வரும்.

எடுக்கப்பட்ட கால்களை அவள் ஒரு காலத்தில் எண்ணிக்கொண்டு வந்தாள். விரல் போனது, பாதி போனது, முழங்கால் வரை போனது என்று நூற்றுச் சொச்சம் வந்தபோது எண்ணுவதை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது யார் காலைப் பார்த்தாலும் அவளுக்குத் துக்கம் வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. அந்த அலுப்பு அவளுக்கே பயமாக இருந்தது.

ஐயம்பெருமாளுக்கு ஐம்பத்தெட்டு வயது, மானூர்ப் பக்கம். கருவேல முள் குத்தி, வலது உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே புண்ணாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. சர்க்கரையால் மரத்துப்போன கால் என்பதால் முள் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சீழை எடுத்து, மாத்திரை ஊசி எல்லாம் கொடுத்து, சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். புண் மட்டும் ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிதாக, மூட மாட்டேன் என்று கிடந்தது. இப்படியே இருந்தால் எலும்புக்குப் போய்விடும், முன்பாதத்தை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர் பாலசுப்பிரமணியன்.

"பாதிக் காலு போனா ஆட்டுக்குப் பின்னால எதை வச்சு நடக்க?" என்று கேட்டார் ஐயம்பெருமாள். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டர் கேஸ் சீட்டைப் பார்த்தார். ஷமீம் ஜன்னலைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் வாயை விட்டாள்.

"ஒரு மாசம் குடுங்க சார். நான் பாத்துக்கிடுதேன்."

டாக்டர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். ஒரு மாதத்துக்குள் புண் பாதியாகச் சுருங்கினால் கத்தி வேண்டாம், இல்லாவிட்டால் மறுபேச்சுக் கிடையாது என்றார்.

ஆஸ்பத்திரியில் சிவப்பு வெளிச்சம் காட்டுகிற இயந்திரம் ஒன்று உண்டு. தினம் அரைமணி நேரம் புண்ணுக்கு நேரே வைப்பார்கள். "உதவினாலும் கொஞ்சம்தான் உதவும்" என்று டாக்டரே சொல்லுவார். ஐயம்பெருமாள் மூன்று நாள் வந்து காலை நீட்டினார். நாலாம் நாள் கிடை கிழக்கே நகர்ந்துவிட்டது. பிசான நெல் அறுப்பு முடிந்த வயல்களில் ராத்திரிக்கு ராத்திரி ஆட்டை அடைத்து உரம் போட்டபடி ஆற்றோடு கொற்கை வரைக்கும் போகிற கிடை அது. முந்நூறு ஆடும் தனக்காகப் பாளையங்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்காது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாயை விட்டவள்தானே வழி பார்க்க வேண்டும். வண்ணார்பேட்டையில் லாரிக்கு அலங்காரம் செய்கிற கடையில் சிவப்பு எல்.இ.டி. பட்டை இரண்டு மீட்டர் வாங்கினாள். காலியான பதினைந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டி, உள்ளே சுற்றிலும் பட்டையை ஒட்டினாள். அடியில் பழைய துப்பட்டாவை மடித்துப் போட்டாள். கிடையில் விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் சோலார் தகடும் பேட்டரியும் இருந்தன. வயரைச் சொருகிக் காலை உள்ளே விட்டால், கேனுக்குள் கால் செக்கச்செவேல் என்று கிடக்கும். ஃபஹ்மிதா பார்த்துவிட்டு, "உம்மா, ஏதோ மினி பஸ் மாதிரி இருக்கு" என்றாள்.

அந்தக் கேனை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தது போன ஞாயிறு. அன்றே புண்ணின் அளவைத் தாளில் வரைந்துகொண்டாள், இன்று அது குறைந்திருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறாள். ஆட்டுச் சத்தம் கேட்டது. தெற்கே அல்ல, மேற்கே.

கிடையில் இரண்டு பேர். பாதி ஆடு ஐயம்பெருமாளுடையது. மறுபாதி அவர் மனைவி பாலம்மாளின் தம்பி கோமதிநாயகத்துடையது. பாலம்மாள் ஊரில் இருக்கிறாள். ஷமீம் சொல்லிக் கொடுத்தபடி தினமும் கட்டு மாற்றிவிடுவது கோமதிநாயகம்தான். ஐயம்பெருமாள் பனைமரத்து நிழலில் கேனுக்குள் காலை வைத்து, தவறு செய்த பிள்ளை போல் உட்கார்ந்திருந்தார்.

ஷமீம் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவி, புதுச் சட்டை வருகிற பிளாஸ்டிக் உறையிலிருந்து வெட்டிச் சுத்தம் செய்த தாளை அதன்மேல் வைத்து, பேனாவால் விளிம்பு வரைந்தாள். போன வாரத் தாளை எடுத்து மேலே வைத்தாள். கோடு உள்ளே வந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் வந்திருந்தது.

"வெளக்கு வேலை செய்யுது நர்சம்மா" என்றார் அவர்.

"என்னென்ன செஞ்சீய, ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"நீங்க சொன்னதுதான். காலைல அரைமணி, சாயங்காலம் அரைமணி. அந்த நேரம் மட்டும் எங்கயும் போக முடியல. கேனோட எப்படி எந்திரிக்க? இவன்தான் ஆட்டப் பாத்தான்."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் ஷமீமுக்கு உறைத்தது. மூன்று மாதத்தில் இந்த மனுஷர் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்ததே இந்த ஒரு மணி நேரம்தான். பாரம் படாமல் இருந்தால் அந்தப் புண் மூடும். அதைத்தான் பத்துத் தடவை ஆஸ்பத்திரியில் சொன்னாள், பத்துத் தடவையும் தலையாட்டிவிட்டுப் போனார். நர்ஸ் சொல்லிக் கேட்காத கால், எண்ணெய் கேன் சொல்லிக் கேட்கிறது. கேட்கட்டுமே. அன்று ராத்திரியே போன் போட்டாள்.

"அண்ணாச்சி, அரைமணி பத்தாது. காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். வெளிச்சம் அவ்வளவு ஏறுனாத்தான் ஆறும்."

"நாலு மணி நேரமா?"

"டாக்டர் சொன்னாரு" என்றாள். டாக்டர் சொல்லவில்லை. நோன்பு மாதத்தில் பொய் சொல்லுகிறோமே என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. பிறகு அந்தப் பாதத்தை நினைத்தாள், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்தாள்.

இரண்டாவது ஞாயிறு கிடை கருங்குளத்தில் கிடந்தது. கோடு நன்றாகவே உள்ளே வந்திருந்தது. வரும் வழியில் இரண்டு இடத்தில் தூக்கம் கண்ணைக் கட்ட, புளியமரத்தடியில் நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு காலைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வந்தது. அதை ஃபஹ்மிதாவிடம் சொல்லக்கூடத் தொடங்கினாள், அதற்குள் மாமியார் கூப்பிட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை கிடையிலிருந்து போனில் வந்த போட்டோவில் புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. வெள்ளிக்கிழமைப் போட்டோவில் பக்கத்திலேயே ஒரு கொப்புளம். "வெளக்கு வைக்கீயளா?" என்று கேட்டாள். "விடாம வைக்கேன் நர்சம்மா" என்று பதில் வந்தது. பேட்டரி போய்விட்டதா, கிருமி ஏறிவிட்டதா, என்ன இழவு என்று தெரியாமல் இரண்டு நாளும் டிரெஸ்ஸிங் ரூமில் அடுத்தவர் காலைக் கட்டியபடி இந்தக் காலையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு கிடை ஸ்ரீவைகுண்டம் தாண்டிப் போயிருந்தது. வீட்டு வேலை முடிந்து அவள் கிளம்பவே நாலு மணி. போய்ச் சேர்ந்தபோது சூரியன் அடிவானத்தில் இருந்தது. வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தியபோது, வயலுக்கு நடுவே ஆட்டுக்கூட்டத்துக்குள் தரையோடு தரையாகச் சிவப்பாக ஏதோ போய்க்கொண்டிருந்தது. யாரோ பைக்கை உருட்டுகிறார்கள், பின் விளக்கு எரிகிறது என்றுதான் நினைத்தாள். அந்தச் சிவப்பு வரப்பு ஏறியது. இறங்கியது. நின்று, திரும்பி, ஒரு ஆட்டை விரட்டிக்கொண்டு ஓடியது.

"யா அல்லா" என்றாள் ஷமீம்.

ஐயம்பெருமாள் அவளைக் கண்டதும் வேகமாக நடந்தே வந்தார். வலது காலில் கட்டுக்கு மேலே எல்.இ.டி. பட்டை சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. வயர் வேட்டிக்குள் போய், தோளில் தொங்கிய பைக்குள் இருந்த பேட்டரியில் முடிந்தது.

"அண்ணாச்சி, என்ன இது?"

"நீங்க குடுத்த வெளக்குதான். திங்கக்கிழம கோமதிநாயகம் சொந்தத்துல ஒரு சாவுன்னு துட்டிக்கு ஊருக்குப் போயிட்டான். மூணு நாளு நான் ஒத்தையில. ஒக்காந்தா ஆடு போயிரும், ஒக்காராட்டா காலு போயிரும். அதாம் பட்டைய உரிச்சுக் காலுல சுத்திக்கிட்டேன். அவன் வந்த பொறவும் இதுதான் சவுரியமா இருக்குன்னு விட்டுட்டேன். நாலு மணி நேரம் சொன்னீய. நான் ஆறு மணி நேரம் வச்சிருக்கேன்."

சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து ஷமீமுக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவரை வரப்பில் உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தாள். கொப்புளம் உடைந்திருந்தது. இரண்டு வாரம் உள்ளே வந்த கோட்டில் பாதி திரும்ப வெளியே போயிருந்தது. சுத்தம் செய்து, கறுத்த தோலை வெட்டி எடுத்து, புதுக் கட்டுப் போட்டாள். அந்தக் கால் மணி நேரத்தில் கோபமெல்லாம் அவர் மேலிருந்து கழன்று தன் மேலேயே வந்து உட்கார்ந்தது. வெளிச்சம்தான் மருந்து என்று சொன்னது யார்? அவர் மருந்தை விடவே இல்லையே.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். வெளக்குல பெரிசா ஒண்ணும் கெடையாது."

அவர் தோளில் தொங்கிய பேட்டரிப் பையைப் பார்த்தார்.

"லாரிக் கண்ணாடில ஒட்டுத பட்டை அது. ஏதோ கொஞ்சம் உதவுனா உண்டு. நாலு மணி நேரம்னு டாக்டர் சொல்லல, நாந்தான் சொன்னேன்."

"அப்போ ரெண்டு வாரம் புண்ணு கொறஞ்சது எதுல?"

"நீங்க ஒக்காந்ததுல. கேனுக்குள்ள கால விட்டா எந்திரிக்க முடியாதுல்லா. அதுதான் மருந்து."

"அதச் சொல்லியிருக்கலாம்லா."

"ஆஸ்பத்திரில பத்துத் தடவ சொன்னேன். ஒக்காந்தீயளா?"

ஐயம்பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். தூரத்தில் எங்கோ பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற சத்தம் காற்றில் மெலிசாக வந்தது. ஷமீம் கைகழுவி, பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து நோன்பு திறந்தாள். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் ஆட்டைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பி இருந்தார்.

"வெளக்க எடுத்துட்டுப் போயிராதீய" என்றார் பிறகு.

"அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லுதேனே."

"ஒங்களுக்கு வெளங்காது நர்சம்மா. கிடையில ஆளுக்குப் பாதி ஆடு, ஆளுக்குப் பாதி நடை. நான் ஒக்காந்துட்டா என் ஆடு அவன் காலுல மேயும். பொண்டாட்டி தம்பி வேற. இன்னைக்குச் சொல்ல மாட்டான், நாளைக்கு அக்காட்ட சொல்லுவான், அத்தான் சும்மா ஒக்காந்திருக்காருன்னு. வெளக்கு எரிஞ்சா அப்படிச் சொல்ல முடியாது. வைத்தியம் நடக்குன்னு அவனே தண்ணி கொண்டாந்து குடுக்கான். வெளக்கு இல்லாம ஒக்காந்தா சோம்பேறி, வெளக்கோட ஒக்காந்தா நோயாளி. இருக்கட்டும்."

பதினெட்டு வருஷமாக ஷமீம் சொன்னதைக் கேட்காமல் போன அத்தனை பேரும் ஏன் கேட்காமல் போனார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. திமிர் என்றுதான் நினைத்திருந்தாள்.

"இருக்கட்டும். ஆனா கேனுக்குள்ளதான் இருக்கணும்" என்றாள். "வெளக்கு எரிஞ்சாலும் எரியாட்டாலும் காலு உள்ள கெடக்கணும்."

"கோமதிநாயகத்துட்ட சொல்ல மாட்டீயளே?"

"சொல்ல மாட்டேன்."

அவர் அவள் காலைப் பார்த்தார். "ஒங்களுக்கும் வீங்கித்தான் இருக்கு."

"அது நின்னு நின்னு."

"ஒக்காந்தா வத்துமா?"

"வத்தும்."

"அப்போ ஒக்காரலாம்லா."

"எனக்கு யாரு வெளக்கு காட்டப் போறா" என்று சொல்லிவிட்டு ஷமீம் பையைத் தூக்கினாள். அதற்குள் போன் அடித்துவிட்டது.

நோன்புப் பெருநாள் கழிந்து வந்த திங்கட்கிழமை ஐயம்பெருமாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதியாகச் சுருங்கியது என்று சொல்ல முடியாது, அதற்கு இன்னும் கொஞ்சம் குறைச்சல்தான் என்றார். இருந்தாலும் கத்தியை எடுக்க மனசு வரவில்லை, இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம் என்றார். ஐயம்பெருமாள் கும்பிட்டார். ஷமீமுக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. இன்னும் ஆறு ஞாயிற்றுக்கிழமை என்பதுதான் முதலில் வந்தது. அதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும் அலுப்பு போகவில்லை.

ஆறில் நான்காவது ஞாயிறு கிடை கொற்கையில் கிடந்தது. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கத்திரி வெயிலில் வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் தன்னுடையவைதானா என்று அவளுக்குத் தோன்றியது. குளக்கரை வாகை நிழலில் ஐயம்பெருமாள் கேனுக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு எரிந்தது. தூரத்தில் கோமதிநாயகம் ஆட்டோடு நின்றான்.

கட்டைப் பிரித்தாள். புண் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தது. சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் ஏறியிருந்தது. ஷமீம் தாளை வைத்து வரைந்தாள். இந்தக் கால் தங்கிவிடும். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ கால்கள் ஆறியிருக்கின்றன, ஆனால் போகப்போகிறது என்று எழுதிவைத்த கால் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

"தங்கிரும் அண்ணாச்சி" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர். பிறகு பின்னால் கையை நீட்டி, துண்டு போட்டு மூடியிருந்த ஒன்றை இழுத்து அவள் முன்னால் வைத்தார்.

இன்னொரு எண்ணெய் கேன். இது பெரிது, இரண்டு கால் போகிற அகலத்துக்கு ஒரு பக்கம் வெட்டியிருந்தது. வெட்டிய ஓரம் கையைக் கிழிக்காதபடி சுற்றிலும் பழைய சைக்கிள் டியூபை வைத்துத் தைத்திருந்தது. உள்ளே மடித்த சாக்கு.

"இதுல வெளக்கு கெடையாது" என்றார். "வெளக்குல ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீய. சும்மா கால விட்டு ஒக்காருங்க. அரைமணி நேரத்துக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டாக."

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தாள். திரும்பிப் போக வேண்டிய நாற்பது கிலோமீட்டர், ஊறப்போட்டு வந்த உளுந்து, மாமியாரின் மாத்திரை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நிற்கட்டும் என்று செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் கேனுக்குள் விட்டாள். சாக்கு குளிர்ச்சியாக இருந்தது. வாகை மரத்தில் முதுகு சாய்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் அவளுக்குத் தெம்பில்லை. பக்கத்தில் ஐயம்பெருமாள் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. ஃபஹ்மிதா.

"உம்மா, எங்க இருக்கீய? பெத்தும்மா கேக்காக. கெளம்பிட்டீயளா?"

ஷமீம் கேனுக்குள் கிடந்த தன் கால்களைப் பார்த்தாள்.

"கெளம்பலம்மா" என்றாள். "காலுக்கு வைத்தியம் நடக்கு. நேரமாகும்."